பிறப்பு - இறப்புக் கணக்கு: போருக்குப் பின் ஒரு ஊர் சொல்லும் சேதி



நம் குழுவில் மாதம் தவறாமல் கணக்கு எழுதுகிறோம். சேமிப்பு எவ்வளவு, உள்கடன் எவ்வளவு, யாருக்குத் தவணை பாக்கி என்று பேரேட்டைத் திறந்து பார்த்தால், அந்தக் குழு எப்படி நடக்கிறது என்று யாரும் சொல்லிவிடலாம். அதுபோல ஒரு ஊர் எப்படி நடக்கிறது என்று சொல்லவும் ஒரு பேரேடு இருக்கிறது. அதுதான் பிறப்பு இறப்புப் பதிவேடு. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் போனார்கள், போனவர்கள் எந்த வயதில் எதனால் போனார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். நம்மில் பலர் சான்றிதழ் வாங்க மட்டுமே அந்தப் பதிவேட்டைத் தேடிப் போகிறோம். அதைப் படிக்கவும் தெரிந்துகொண்டால் நல்லது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

படித்துப் பழக ஒரு ஊர் வேண்டுமே. கொஞ்சம் தூரத்து ஊரை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் ரோண்டா என்று ஒரு பள்ளத்தாக்கு உண்டு. அந்தக் காலத்தில் முழுக்க நிலக்கரிச் சுரங்க ஊராக இருந்தது. 1955 வரை அதை ஒரு 'நகர்ப்புற மாவட்டம்' என்று வைத்திருந்தார்கள். மாவட்டம் என்றதும் நம்ம மாவட்டம் போல நினைக்க வேண்டாம். நம் நகராட்சி மாதிரி ஒரு அமைப்பு அது. இப்படிப்பட்ட ஒவ்வொரு நகர்ப்புற மாவட்டத்துக்கும் ஒரு சுகாதார மருத்துவ அதிகாரி இருப்பார். இத்தனை பிறப்பு, இத்தனை இறப்பு, இன்ன நோய், இன்ன சாக்கடை என்று வருடா வருடம் அவர் ஒரு ரிப்போர்ட் எழுதியாக வேண்டும்.

ஏன் அந்த ஊர் என்று கேட்பீர்கள். போர் முடிந்த காலத்தில்தான் பிறப்பு இறப்புக் கணக்கு தாறுமாறாக ஏறி இறங்கும். கணக்கின் நெளிவு சுளிவு அப்போதுதான் நன்றாகத் தெரியும். ரோண்டா இரண்டு உலகப் போரையும் பார்த்த ஊர். இன்னொரு காரணமும் உண்டு. அந்த நாட்டில் அரசாங்கக் கணக்கில் விட்டுப்போனதை எடுத்துச் சொன்னவர்கள் நம்மைப் போன்ற பெண்கள் சங்கத்துக்காரர்கள்தான்.

கணக்கு போடும் முறை

ஒரு ஊராட்சியில் 5,000 பேர் இருக்கிறார்கள், ஒரு வருடத்தில் 80 குழந்தைகள் பிறந்தன என்று வைத்துக்கொள்வோம். 1,000 பேருக்கு எத்தனை? 80-ஐ 5-ஆல் வகுத்தால் 16. இதுதான் பிறப்பு விகிதம். அதே வருடம் 35 பேர் இறந்திருந்தால் இறப்பு விகிதம் 7. இந்த இரண்டுக்கும் ஊர் சனத்தொகை சரியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது கணக்குக்குச் சனத்தொகை தேவையில்லை. பிறந்த 80 குழந்தைகளில் ஒரு வயது முடியும் முன்பே 2 குழந்தைகள் இறந்தால், 1,000 பிறப்புக்கு 25 ஆகிறது. இதற்குச் சிசு மரண விகிதம் என்று பெயர். எந்த ரிப்போர்ட் கையில் கிடைத்தாலும் நாங்கள் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். குடிதண்ணீர், பால், வீடு, தாயின் உடம்பு, பிரசவம் பார்த்த கை எல்லாமே இந்த ஒரு எண்ணில் தெரிந்துவிடும்.

போர் முடிந்த ஊரில் தொட்டில்

முதல் உலகப் போர் 1914-இல் தொடங்கி 1918 நவம்பரில் முடிந்தது. ரோண்டாவுக்கு மட்டுமல்ல, இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்கும் சேர்த்தே கணக்கைப் பார்ப்போம். 1914-இல் பிறந்த குழந்தைகள் 8,79,096. 1918-இல் 6,62,661. ஆண்கள் போர்முனையில் இருந்தார்கள், கல்யாணங்கள் தள்ளிப்போயின, அதனால் குறைந்தது. 1919-இல் சிப்பாய்கள் வீடு திரும்பினார்கள். மறு வருடம், 1920-இல், 9,57,782 குழந்தைகள் பிறந்தன. அந்த நாட்டில் ஒரே வருடத்தில் அத்தனை குழந்தைகள் அதற்கு முன்னும் பிறந்ததில்லை, இன்றுவரை பிறந்ததும் இல்லை. பிறப்பு விகிதம் 17.7-லிருந்து 25.5-க்குத் தாவியது.

இந்தத் தாவலைப் பார்த்துவிட்டு நாடு செழித்துவிட்டது என்று சொல்ல முடியாது. நாலு வருடம் தள்ளிப்போனது ஒரே வருடத்தில் சேர்ந்து வந்தது, அவ்வளவுதான். 1933-இல் அதே விகிதம் 14.4-க்கு இறங்கிவிட்டது. 1920-இல் பிறந்த பையனுக்கு அடுத்த உலகப் போர் தொடங்கிய 1939-இல் 19 வயது. அவனைப் பெற்றவள் அந்தப் பிறப்புக் கணக்கை எப்படிப் படித்திருப்பாள் என்று நினைத்துப் பார்க்கிறோம்.

இறப்புப் பக்கத்தில் இல்லாதவர்கள்

இறப்புப் பக்கம் இன்னும் சிக்கலானது. வெளிநாட்டுப் போர்க்களத்தில் இறந்த சிப்பாயின் சாவு அவன் சொந்த ஊர்ப் பதிவேட்டில் வராது. அது ராணுவத்தின் தனிக் கணக்கில் போய்விடும். ஊர் நடுவே நினைவுக் கல்லில் பெயர்கள் வரிசையாக இருக்கும். மருத்துவ அதிகாரியின் ரிப்போர்ட்டில் அந்தப் பிள்ளைகள் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. போர்க்காலத்தில் இறப்பு விகிதம் போட, ஊரில் இருந்த சாதாரண மக்களை மட்டுமே எண்ணினார்கள். திடகாத்திரமான வாலிபர்கள் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது பெரியவர்கள், பெண்கள், குழந்தைகள், உடம்பு முடியாதவர்கள். நூறு பேரில் முப்பது வாலிபர்களை எடுத்துவிட்டு மிச்ச எழுபது பேரை வைத்து இறப்பு விகிதம் போட்டால் அது கூடத்தான் செய்யும். அதற்காக ஊரில் நோய் கூடிவிட்டது என்று அர்த்தம் இல்லை. போர் முடிந்து அந்த வாலிபர்கள் திரும்பியதும் விகிதம் தானாக இறங்கும். அதை வைத்து ஊர் சுகாதாரம் மேம்பட்டது என்று ஒரு அதிகாரி மார்தட்டினால் நாம் ஏமாந்துவிடக் கூடாது. குழு வசூல் நூறு சதவீதம் என்று சொன்னால், எத்தனை பேரை வைத்துப் போட்ட சதவீதம், பாக்கிதாரரைக் கழித்துவிட்டுப் போட்டதா என்று கேட்போம் இல்லையா? அதே கேள்விதான் இங்கேயும்.

பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்கும் இதே தொல்லை உண்டு. சுற்றுவட்டார நோயாளிகள் எல்லாம் அங்கே வந்து இறந்தால், அந்த ஊர் சாவூர் போலத் தெரியும். அதனால் இறந்தவர் எந்த ஊர்க்காரரோ அந்த ஊர்க் கணக்கில் சேர்க்கும் வழக்கத்தை அங்கே கொண்டுவந்தார்கள்.

போர் முடியும் நேரத்தில்தான் விஷக் காய்ச்சல் பரவியது. 1918 கடைசி மூன்று மாதத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்தவர்களைவிட இறந்தவர்கள் அதிகம். 1837-இல் பதிவு தொடங்கியதிலிருந்து அப்படி ஒரு காலாண்டு வந்ததே இல்லை. அந்தக் காய்ச்சல் கிழவர்களைவிட வாலிபர்களையும் கர்ப்பிணிகளையும்தான் அதிகம் வாரிக்கொண்டு போனது. நம் நாட்டையும் அது விடவில்லை. 1911 கணக்கெடுப்பில் சுமார் 25.2 கோடியாக இருந்த நம் சனத்தொகை 1921-இல் 25.1 கோடியாகக் குறைந்தது. கணக்கெடுப்பு வரலாற்றில் பத்து வருடத்தில் சனத்தொகை குறைந்தது அந்த ஒரு முறைதான்.

குழந்தைச் சாவு எப்படிக் குறைந்தது?

இப்போது சிசு மரணத்துக்கு வருவோம். 1914-இல் 1,000 குழந்தைகளுக்கு 105 ஒரு வயதுக்குள் இறந்தன. (நம் தமிழ்நாட்டில் 1971-இல்கூட அது 113 என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) 1918-இல் அங்கே 97. 1920-இல் 80. போர், பஞ்சம், காய்ச்சல் எல்லாம் இருந்தும் கைக்குழந்தைகளின் சாவு குறைந்திருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு போர் நல்லது என்று யாரும் சொல்லிவிடப் போகிறார்கள்! காரணம் வேறே.

முதல் காரணம், பிறந்த சேதி உடனே தெரிந்தது. இந்தக் கதை போருக்கு முன்பே தொடங்குகிறது. ஹடர்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் பெஞ்சமின் பிராட்பென்ட் என்பவர் மேயராக இருந்தார். 1904-இல் தன் பகுதியான லாங்வுட்டில், அந்த ஒரு வருடத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் பிறந்தநாள் வந்ததும் ஒரு பவுண்டு தருவதாக எழுதிக் கொடுத்தார். 112 குழந்தைகளில் 107 பிழைத்தன. அந்தக் காலத்துக்கு அது ரொம்பப் பெரிய விஷயம். ஒரு பவுண்டு மட்டும் குழந்தையைக் காப்பாற்றிவிடுமா? அதை எழுதிக் கொடுக்க ஒரு குழந்தை பிறந்திருக்கிறது என்று தெரிய வேண்டும், வீட்டுக்கு ஆள் போக வேண்டும், தாயிடம் பேச வேண்டும். அதுதான் வேலை செய்தது. குழந்தை பிறந்த 36 மணி நேரத்துக்குள் சுகாதார அதிகாரிக்குத் தகவல் போக வேண்டும் என்று 1907-இல் சட்டம் வந்தது. விருப்பப்பட்ட ஊர்கள் மட்டும் அதை ஏற்றுக்கொண்டன. 1915-இல், போருக்கு நடுவில், எல்லா ஊருக்கும் கட்டாயம் ஆக்கினார்கள். தகவல் வந்ததும் சுகாதாரப் பார்வையாளர் என்ற பெண் ஊழியர் வீட்டுக்குப் போவார். நம்ம கிராம சுகாதார செவிலியருக்கு அக்கா என்று வைத்துக்கொள்ளலாமே.

இரண்டாவது காரணம் பணம் வந்த வழி. கணவன் பட்டாளத்தில் இருந்ததால் குடும்பப் படி நேராக மனைவி கைக்கு வந்தது. பல வீடுகளில் வாரம் தவறாமல் பெண் கையில் காசு புழங்கியது அப்போதுதான் முதல் தடவை. அந்தக் காசு எங்கே போயிருக்கும் என்று நம் குழுவினருக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி குறையவில்லை. கல்யாணம் ஆகாத தாய்க்குப் பிறந்த குழந்தை சாகும் வாய்ப்பு மற்றக் குழந்தையைப் போல இரண்டு மடங்கு. இதைத் தனியாகப் பிரித்து எழுதியதால்தான் தெரிந்தது. மொத்தக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் அந்தப் பிள்ளைகள் கண்ணுக்கே தெரிந்திருக்க மாட்டார்கள்.

பெண்கள் சங்கம் எடுத்த கணக்கு

அந்த நாட்டில் 1883-இல் தொடங்கிய 'பெண்கள் கூட்டுறவுச் சங்கம்' ஒன்று இருந்தது. கூட்டுறவுக் கடையில் சாமான் வாங்கும் தொழிலாளர் வீட்டுப் பெண்கள்தான் உறுப்பினர்கள். முதல் போர் சமயத்தில் சுமார் 30,000 பேர் இருந்தார்கள். ஊருக்கு ஊர் கிளை, கிளைக்கு ஒரு செயலாளர், வாராவாரம் கூட்டம். நம் கூட்டமைப்பைப் போலத்தான்.

1911-இல் அரசாங்கம் பிரசவத்துக்கு 30 ஷில்லிங் உதவித்தொகை கொடுக்கச் சட்டம் போட்டது. ஆனால் பணம் தாய்க்குச் சொந்தம் என்று அதில் சொல்லவில்லை. பிள்ளை பெறுவது இவள், பணம் வாங்குவது அவரா என்று இந்தச் சங்கம் கேட்டது. 1913-இல் சட்டத்தைத் திருத்தி அது தாயின் பணம் என்று எழுத வைத்தார்கள்.

அடுத்து அவர்கள் செய்ததுதான் எங்களை மிகவும் யோசிக்க வைத்தது. சங்கத்தின் பொதுச் செயலாளர் மார்கரெட் லெவலின் டேவிஸ், கிளைப் பொறுப்பாளர்களுக்குக் கடிதம் எழுதி, உங்கள் பிரசவ அனுபவத்தை எழுதுங்கள் என்று கேட்டார். எத்தனை குழந்தை பெற்றீர்கள், எத்தனை தங்கவில்லை, எத்தனை வயிற்றிலேயே போனது என்றும் கேட்டார். நூற்றுக்கணக்கில் பதில் வந்தது. அதில் 160 கடிதங்களை 1915-இல் புத்தகமாகப் போட்டார்கள். எண்ணிக்கை எழுதிய 348 தாய்மாரின் கணக்கைக் கூட்டிப் பார்த்தார்கள். உயிரோடு பிறந்தவை 1,396. அதில் ஒரு வயதுக்குள் இறந்தவை 122. செத்துப் பிறந்தவை 83. கருக்கலைந்தவை 218.

கடைசி இரண்டு எண்ணையும் கூட்டுங்கள். 301. இந்த 301-இல் ஒன்றுகூட அரசாங்கப் பிறப்புப் பதிவேட்டிலும் இல்லை, இறப்புப் பதிவேட்டிலும் இல்லை. செத்துப் பிறந்த குழந்தை பிறந்ததாகவும் கணக்கில்லை, இறந்ததாகவும் கணக்கில்லை. பத்து மாதம் சுமந்தவளுக்கு மட்டும்தான் தெரியும். எழுதியவர்களும் வறுமையில் அடித்தட்டில் இருந்தவர்கள் அல்ல. ஓரளவு நிலையான சம்பளம் வரும் வீட்டுப் பெண்கள். அவர்கள் நிலைமையே இப்படியென்றால் மற்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

1918-இல் தாய் சேய் நலச் சட்டம் வந்தது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் பரிசோதனை நிலையம், பால், வீட்டு உதவி என்று உள்ளாட்சிகள் செலவழிக்க அது வழி செய்தது. செத்துப் பிறந்த குழந்தையைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 1927 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. பதிவு தொடங்கி 90 வருடம் கழித்து!

வெந்நீர் அண்டாவும் குறைப் பிரசவமும்

ரோண்டாவுக்குத் திரும்புவோம். பதிவேட்டில் 'குறைப் பிரசவம்' என்று ஒரு காரணம் எழுதியிருக்கும். ஏன் குறைப் பிரசவம் என்று எழுதியிருக்காது. அதைச் சொன்னவர் எலிசபெத் ஆண்ட்ரூஸ். சுரங்கத் தொழிலாளியின் மகள், ரோண்டாவில் பெண்களைத் திரட்டியவர், கூட்டுறவுச் சங்கத்திலும் இருந்தவர்.

அந்தக் காலத்தில் சுரங்கத்தில் குளிக்க வசதி இல்லை. ஆண்கள் உடம்பெல்லாம் கரியோடு வீட்டுக்கு வருவார்கள். அடுப்படியில் ஒரு தொட்டியை வைத்து, வெந்நீர் காய்ச்சி ஊற்றிக் குளிக்க வேண்டும். அப்பா ஒரு ஷிப்ட், மூத்தவன் ஒரு ஷிப்ட், குடியிருக்கும் வெளியாள் ஒரு ஷிப்ட். நாள் முழுக்க வெந்நீர் அண்டாவைத் தூக்கி இறக்கியது யார்? வயிற்றில் பிள்ளையோடு இருந்தவள்தான். போர் முடிந்த மறு வருடம், 1919-இல், நிலக்கரித் தொழில் பற்றி விசாரிக்க சாங்கி கமிஷன் என்று ஒன்றை அரசாங்கம் அமைத்தது. அதன் முன் எலிசபெத் ஆண்ட்ரூஸ் போய்ச் சாட்சி சொன்னார். இந்தப் பாரம் தூக்குவதால்தான் குறைப் பிரசவமும் கருச்சிதைவும் என்றார். நெடுநாள் பிரசவம் பார்த்த ஒரு மருத்துவச்சி சொன்னதையும் எடுத்து வைத்தார். குளியல் அறையைச் சுரங்க வாசலிலேயே கட்டுங்கள் என்பது கோரிக்கை. 1920-இல் வெட்டிய ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் ஒரு பென்னி வீதம் தொழிலாளர் நல நிதி சேர்க்கச் சட்டம் வந்தது. 1926-இல் குளியல் அறைகளுக்கென்றே தனியாகப் பணம் ஒதுக்கினார்கள்.

ஆண்கள் குளிக்கும் இடத்துக்கும் சிசு மரணத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று எந்த அதிகாரியின் எண்ணிலிருந்தும் கண்டுபிடித்திருக்க முடியாது. அண்டாவைத் தூக்கியவளைக் கேட்டால்தான் தெரியும்.

எண்ணை அவசரமாக நம்பவும் கூடாது

ரோண்டாவில் 1934-இல் பிரசவத்தில் இறந்த தாய்மார்கள் 1,000 பிரசவத்துக்கு 11-க்கும் மேல். சுரங்கங்கள் மூடி, வேலை இல்லாமல், பட்டினி கிடந்த வருடங்கள் அவை. ஒரு தொண்டு அமைப்பு கர்ப்பிணிகளுக்குச் சத்துணவு கொடுத்தது. மறு வருடம் அந்த எண் 5-க்குக் கீழே இறங்கியது. சோறுதான் மருந்து என்று நாடே பேசியது. பின்னாளில் ஆராய்ச்சியாளர்கள் இதைக் கேள்வி கேட்டார்கள். ஒரே ஊர், ஒரே வருடம். பிரசவத்தில் சாகும் தாய்மாரின் எண்ணிக்கை சிறியது. சிறிய எண் ஒரு வருடம் ஏறும், மறு வருடம் இறங்கும். உணவு நல்லதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நாடு முழுக்கத் தாய் மரணம் வேகமாகக் குறையத் தொடங்கியது 1930-களின் கடைசியில், ஜன்னியைக் குணப்படுத்தும் சல்பா மாத்திரை வந்த பிறகுதான்.

நம் ஊராட்சி உதாரணத்தையே பாருங்கள். 80 பிறப்பில் 2 சாவு என்றால் 25. இன்னும் ஒரே ஒரு குழந்தை இறந்தால் 37.5. ஒரு சாவில் விகிதம் பாதி கூடிவிடுகிறது. அதனால் சின்ன ஊருக்கு ஒரு வருடக் கணக்கை வைத்துச் சண்டை போடக் கூடாது. ஐந்து வருடக் கணக்கைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே சமயம் அந்த மூன்று குழந்தைகளும் ஏன் இறந்தன என்று கேட்க ஐந்து வருடம் காத்திருக்கத் தேவையில்லை.

சனத்தொகை மாறினாலும் எண் மாறும். ரோண்டாவில் 1921-இல் சுமார் 1 லட்சத்து 62 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1931-இல் 1 லட்சத்து 41 ஆயிரம், 1951-இல் 1 லட்சத்து 11 ஆயிரம். வேலை தேடி இளசுகள் வெளியூர் போய்விட்டார்கள். பெரியவர்கள் தங்கிய ஊரில் பிறப்பு குறையும், சாவு கூடும். திருப்பூருக்கும் சென்னைக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பாட்டி தாத்தா மட்டும் இருக்கும் நம் கிராமங்களையும் இப்படித்தான் படிக்க வேண்டும்.

இரண்டாவது போருக்குப் பின்

இரண்டாவது போரில் (1939-1945) முதலில் நிலைமை மோசமானது. 1939-இல் 51 ஆக இருந்த சிசு மரண விகிதம் 1941-இல் 60 ஆனது. குண்டு விழுந்தது, லண்டன் பிள்ளைகளை ரோண்டா போன்ற ஊர்களுக்கு ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள், வீடுகளில் நெருக்கடி. பிறகு இறங்கத் தொடங்கியது. 1945-இல் 46, 1948-இல் 34, 1950-இல் 30. எல்லாருக்கும் ஒரே அளவு ரேஷன். அதிலும் கர்ப்பிணிக்குத் தனி நிறத்தில் ரேஷன் புத்தகம், கூடுதல் பங்கு. 1940 ஜூலை முதல் கர்ப்பிணிக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் தினம் அரை லிட்டருக்கு மேல் பால் குறைந்த விலையில், முடியாதவர்களுக்கு இலவசமாக. தொண்டை அடைப்பான் தடுப்பூசி போட்டதில், 1940-இல் 2,480 பேரைக் கொன்ற அந்த நோயால் 1950-இல் இறந்தவர்கள் 49 பேர் மட்டுமே.

செத்துப் பிறந்த குழந்தைகளும் குறைந்தன. 1939-இல் மொத்தப் பிறப்பில் 1,000-க்கு 38. 1945-இல் 28-க்கும் கொஞ்சம் கீழே. போருக்கு நடுவில் தாயின் உடம்பு தேறியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. 1927-க்கு முன் இருந்த வழக்கப்படி அந்தக் குழந்தைகளை எழுதாமலே விட்டிருந்தால் இந்த இறக்கம் யாருக்கும் தெரிந்தே இருக்காது.

நம் ஊர்ப் பேரேடு

நம் நாட்டில் 1969-ஆம் வருடப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் நடைமுறையில் உள்ளது. பிறப்பு, இறப்பு எதுவானாலும் 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு தாமதக் கட்டணம், ஒரு மாதம் தாண்டினால் மேலதிகாரி அனுமதி என்று அலைச்சல் கூடும். ஆஸ்பத்திரியில் நடந்தால் ஆஸ்பத்திரியே தகவல் கொடுக்க வேண்டும். வீட்டில் நடந்தால் குடும்பத்தினர் சொல்ல வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டர் லிஸ்ட் போன்றவற்றுக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். கர்ப்பமானதும் வாங்கும் பிக்மி எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. நம் சட்டத்தில் 'பிறப்பு' என்றால் உயிரோடு பிறந்ததும் செத்துப் பிறந்ததும் சேர்த்துத்தான். செத்துப் பிறந்த குழந்தையையும் பதிவு செய்ய வேண்டும். பிறந்து இரண்டு மணி நேரம் இருந்து இறந்த குழந்தைக்குப் பிறப்பு ஒன்று, இறப்பு ஒன்று என இரண்டு பதிவு. "அதான் போயிருச்சே, எழுதி என்னாகப் போகுது" என்று வீட்டில் சொல்வார்கள். அந்த வீட்டுக்கு நம் குழுவிலிருந்து ஒருவர் துணைக்குப் போகலாம். குழந்தை பெண்ணாக இருந்தால் கட்டாயம் போக வேண்டும் என்போம்.

ஊக்குநர்கள், பிரதிநிதிகள் கவனத்துக்கு: தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, உங்கள் ஊரில் கடந்த ஐந்து வருடத்தில் உயிரோடு பிறந்தவை, செத்துப் பிறந்தவை, ஒரு வயதுக்குள் இறந்தவை, பிரசவத்தில் இறந்த தாய்மார்கள் என நாலு கட்டம் எழுதுங்கள். ஆண், பெண் தனித்தனியே இருக்கட்டும். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். துக்கப்பட்ட வீட்டில் வற்புறுத்திக் கேட்க வேண்டாம், அவர்களாகச் சொன்னால் எழுதுங்கள். பிறகு கிராம சுகாதார செவிலியரிடம் அவர் ரிஜிஸ்டரில் உள்ள எண்ணைக் கேட்டுப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால், எந்தக் கட்டத்தில் எத்தனை என்று எழுதி வட்டாரக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அங்கே உட்கார்ந்து பார்ப்போம்.